எத்தனையாம் நாள் காய்ச்சல்?

இந்த அறக்கட்டளைப் பொழிவுக்கு என்ன தலைப்பு என்று அதன் செயலாளர் மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். தலைப்பு மனத்தில் முன்பே இருந்தது. சொல்லத்தான் தயக்கம். ஏனென்றால் அது வேறொரு நாட்டில் வேறு சிலர் செய்த ஆய்வைப் பற்றியது. பிரிட்டனில் 2009இல் தொடங்கி 2011 வரை நோயாளிகளைச் சேர்த்து நடந்த மொசைக் என்ற கூட்டு ஆய்வு அது. கடுமையான இன்ஃபுளுவென்சா ஒரு மனிதரை எந்த வழியாக வீழ்த்துகிறது என்பதே அதன் கேள்வி. நான் அதில் பங்கேற்றவன் அல்லன். ஆனால் அது தொடங்கிய அதே ஆண்டில், அதே கேள்வியோடு, ஒரு படுக்கையருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றவன். அந்த உரிமையில் பேச வந்திருக்கிறேன்.

அப்போது மேற்கு மாவட்டம் ஒன்றில் மருத்துவப் பிரிவில் பணியில் இருந்தேன். பன்றிக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஜனங்கள் பேருந்தில் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, 26 வயதுப் பெண் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி. நிமிடத்துக்கு நாற்பது மூச்சுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 78 என்று காட்டியது. கணவர் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்பவர். பேச நா எழாமல் நின்றார்.

"எத்தனையாம் நாள் காய்ச்சல்?" என்று கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார்.

"புதங்கெழம பொழுதோடங்க சார். பாத்திரம் கழுவிட்டு இருந்தவ, 'அத்தே, தண்ணி ஐஸாட்டம் இருக்குது'ன்னா. நான் கைய வெச்சுப் பாத்தேன், தண்ணி எப்பவும்போலத்தான் இருந்துச்சு. அவ மேலுதானுங்க கொதிச்சுது."

அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. தொண்டையிலிருந்து எடுத்து அனுப்பிய மாதிரியின் முடிவு வியாழக்கிழமை வந்தது. அதே வீட்டில், அதே வாரத்தில், அதே காய்ச்சலோடு வந்த அவருடைய கொழுந்தனார் நாலு நாள் படுத்துவிட்டு, தானே நடந்து வெளியே போனார். கர்ப்ப காலத்தில் இன்ஃபுளுவென்சா முற்றும் என்பது அன்றும் தெரிந்த உண்மைதான். ஆனால் அதே மாதத்தில் எங்கள் வார்டுக்கு அதே நோயோடு வந்த வேறு இரண்டு கர்ப்பிணிகள் பிழைத்து, பிரசவமும் ஆகி, குழந்தையோடு வந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் இருந்த அந்த ஒன்றரை நாளில் எத்தனையோ முறை ரத்தம் எடுத்தோம். அணுக்களை எண்ண, சர்க்கரை பார்க்க, சிறுநீரகம் பார்க்க, வாயுக்களை அளக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். எண்கள் தாளில் ஏறியதும் மிச்சம் கழிவு வாளிக்குப் போயிற்று. அந்த வைரஸ் அவர் உடம்புக்குள் என்ன செய்தது, அவர் உடம்பு அதற்கு என்ன பதில் செய்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியம் அந்த மிச்சம்தான். அதை நாங்கள் கொட்டிவிட்டோம். வைத்துக்கொள்ள எங்களிடம் குளிர்பெட்டியும் இல்லை, அனுமதியும் இல்லை, வைக்க வேண்டும் என்ற எண்ணமே கூட இல்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த வாளி என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

இன்ஃபுளுவென்சாவைப் பற்றி மருத்துவத்துக்கு எவ்வளவோ தெரியும். அதைப் படிக்கப் படிக்க, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் ஒரு விசித்திரமான எல்லை ஓடுவதைக் காணலாம். 1892இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இதுவே காரணம் என்று அறிவித்தார். உலகம் நம்பியது. 1918இல் பெருங்கொள்ளையாக அந்த நோய் வந்தபோதும் மருத்துவர்கள் அந்தப் பாக்டீரியாவைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த நோய், ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 1911க்கும் 1921க்கும் இடையில் நம் மக்கள்தொகை ஏறாமல் இறங்கியது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படி நடந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

வைரஸ்தான் காரணம் என்பது 1933இல், லண்டனுக்கு வடக்கே மில் ஹில்லில் உறுதியானது. வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா என்ற மூவர், நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரைப் பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்து, ஃபெரட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் விட்டார்கள். அதற்குச் சளி பிடித்தது. 1936இல் அப்படி நோயுற்ற ஒரு ஃபெரட், ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற இளம் மருத்துவரின் முகத்தில் தும்மியது. இரண்டு நாளில் அவர் படுத்துவிட்டார். மனிதரிடமிருந்து விலங்குக்கும், விலங்கிடமிருந்து மனிதருக்கும் போய்த் திரும்பியதால் வழக்கு முடிந்தது. அதே மில் ஹில்லில் 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மானும், இன்ஃபுளுவென்சா வைரஸைச் சூட்டால் செயலிழக்கச் செய்து கோழிக்கருவின் சவ்வில் இட்டுப் பார்த்தபோது, அந்தச் சவ்வு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, அடுத்து வரும் வைரஸைத் தடுப்பதைக் கண்டார்கள். அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரைநூற்றாண்டு கழித்து, மொசைக் ஆய்வில் அது மறுபடி வரும்.

பிறகு 1918இன் வைரஸையே மனிதர்கள் மீட்டெடுத்துவிட்டார்கள். யோஹான் ஹல்டின் என்பவர் 72 வயதில், அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் கிராமத்தில் உறைமண்ணைத் தோண்டி, 1918இல் அங்கே புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் நுரையீரல் துண்டை எடுத்து அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி டாபன்பெர்கருக்கு அனுப்பினார். 2005க்குள் அதன் மரபணுத் தொடர் முழுதும் படிக்கப்பட்டது. வைரஸும் உயிரோடு மீண்டும் உருவாக்கப்பட்டது. எதிரியின் உடலில் ஓர் எழுத்து பாக்கியில்லாமல் படித்தாயிற்று. ஆனாலும், ஒரே கூரையின் கீழ் ஒருவர் சாக, ஒருவர் எழுந்து நடப்பது ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றது. பதில் வைரஸின் மரபணுவில் மட்டும் இருந்திருந்தால் அன்றே கிடைத்திருக்கும்.

2008இல் டேவிட் மோரென்ஸ், டாபன்பெர்கர், ஆந்தனி ஃபௌச்சி மூவரும் 1918இல் இறந்த 58 பேரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை எடுத்து நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தார்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்தது. வைரஸ் வாசலை உடைத்தது. பின்னால் வந்த பாக்டீரியா வீட்டைக் கொளுத்தியது. ஃபைஃபர் பார்த்தது வெறும் மாயை இல்லை, வரிசையைத்தான் தவறாகப் படித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். 90 ஆண்டு தூங்கிக்கொண்டிருந்த திசு பேசியது. யாரோ ஒரு மருத்துவர் 1918இன் அத்தனை அமளிக்கு நடுவிலும் அதை எடுத்துப் பெயரெழுதி வைத்திருந்ததால் பேசியது.

ஆனால் பிரேதப் பரிசோதனை கடைசிக் காட்சியை மட்டுமே காட்டும். முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை உள்ளே என்ன நடக்கிறது என்பதை அதில் பார்க்க முடியாது.

நுரையீரலின் உள்ளே கொஞ்சம் நெருங்கிப் போய்ப் பார்ப்போம். மூச்சுக்குழாய் கிளைவிட்டு, மேலும் கிளைவிட்டு, முடிவில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் முடிகிறது. ஒவ்வொரு நுண்ணறையையும் ரத்த நுண்குழாய்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர், தலைமயிரில் நூறில் ஒரு பங்கு கனம்தான். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் அதைக் கடக்கிறது. சாதாரண இன்ஃபுளுவென்சா மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று மேல்மாடியிலேயே நின்றுவிடும். கடுமையான நோயில் அது அடித்தளத்துக்கு, இந்த நுண்ணறைகளுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே வைரஸைக் கண்ட செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்தை எச்சரிக்கின்றன. அதன் பின்னால் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. பாக்டீரியாவைக் கொல்லப் பிறந்தவை அவை. நஞ்சும் நொதியும் கொட்டும். தேவைப்பட்டால் தம் மரபுப்பொருளையே வலையாக வீசிச் செத்துப்போகும். கெட்டியான தோலில் இது நடந்தால் ஒரு கட்டி வந்து ஆறிவிடும். தலைமயிரில் நூறில் ஒரு பங்குச் சுவரில் இது நடந்தால் சுவர் கிழிகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி உள்ளே கசிந்து நுண்ணறையை நிரப்புகிறது. நோயாளி தன் படுக்கையிலேயே, ஒரு சொட்டு வெளித்தண்ணீர் இல்லாமல், மூழ்குகிறார்.

இந்தச் சித்திரம் மொசைக்குக்கு முன்பே விலங்காய்வுகளிலிருந்து ஓரளவு தெரியும். மனிதரில், எந்த நாளில், யாரிடம், எந்த வரிசையில் நடக்கிறது என்பதுதான் தெரியாது.

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் புதிய எச்1என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. பிரிட்டனில் முதல் அலையின்போது 55 மருத்துவமனைகளில் சேர்ந்த 631 பேரின் விவரங்களை ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்பு எந்த நோயும் இருக்கவில்லை. நூற்றில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். திடகாத்திரமாக இருந்தவர்கள் ஏன் விழுகிறார்கள் என்ற கேள்வி அங்கேயும் எழுந்துவிட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் பீட்டர் ஓப்பன்ஷா தலைமையில், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் வெல்கம் அறக்கட்டளையும் பணம் கொடுக்க, மொசைக் உருவாயிற்று. லண்டனிலும் லிவர்பூலிலும் உள்ள மருத்துவமனைகளின் வார்டு மருத்துவர்கள், ஐ.சி.யு. செவிலியர்கள், வைரஸ் ஆய்வாளர்கள், மரபியலாளர்கள், நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள், புள்ளியியலாளர்கள் என்று வழக்கமாக ஒரே அறையில் உட்காராதவர்கள் ஒரே திட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

இந்தக் 'கூட்டு' என்ற சொல்லை எளிதில் கடந்து போய்விடக் கூடாது. எந்த ஒரு மருத்துவமனைக்கும் ஒரு குளிர்காலத்தில் இந்த நோயோடு வென்டிலேட்டர் வரை போகிறவர்கள் சிலர்தான் வருவார்கள். ஐந்து பேரை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. பத்து மருத்துவமனை பத்து விதமாக ரத்தம் எடுத்து, பத்து விதமாக நாள் எழுதினால், கூட்டினாலும் பயனில்லை. எல்லாரும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒரே இடத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் புகழ் யாருக்கும் தனியாகக் கிடைக்காது. இரவு இரண்டு மணிக்குக் குழாயில் ஒட்டுத்தாள் ஒட்டிய செவிலியரின் பெயர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் வராது. அவர் ஒட்டாவிட்டால் கட்டுரையே வராது.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பயன்படும் ஒரு வகைக் குழாயில் முன்பே ஒரு திரவம் இருக்கும். அதில் 3 மில்லி ரத்தத்தை விட்டு, மூடி, பத்து விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கிய அந்தக் கணத்தில் ரத்த அணுக்கள் உடைந்து, அவற்றுள் இருந்த ஆர்.என்.ஏ. செய்திகள் அப்படியே நின்றுவிடும். உறையவைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் மாறாது. நம் ஒவ்வொரு அணுவிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எது விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதை அந்தச் செய்திகளிலிருந்து படிக்கலாம். காய்ச்சலின் நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த உடம்பு எதை எதிரி என்று நினைத்துப் போரிட்டது என்பதை, ஐந்து ஆண்டு கழித்து இன்னோர் ஊரில் உட்கார்ந்து வாசிக்கலாம். பத்து விநாடி குலுக்கச் சோம்பல் பட்டால் செய்தி சிதைந்துவிடும்.

இன்னொன்று, சம்மதம். வென்டிலேட்டரில் நினைவின்றி இருப்பவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. மருந்து கொடுத்துப் பார்க்காத இதுபோன்ற ஆய்வுகளில், இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நெருங்கிய உறவினரிடம் கேட்கிறார்கள். "நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்பதில்லை. "உங்கள் மனைவியால் பேச முடிந்தால், இதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்கிறார்கள். உயிருக்குப் போராடும் ஒருவரின் கணவரிடம் இதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கேட்கும் முறையிலேயே அந்தப் பெண்ணை ஒரு மனுஷியாக நடத்துகிறார்கள் என்பதும் தெரிகிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மேலே, ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே அனுமதி தர வேண்டும். காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தபோது வைரஸ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் 2010-11 குளிர்காலம் அதே வைரஸை மீண்டும் கொண்டுவந்தது. அப்போது குழாய்களும் படிவங்களும் கைகளும் தயாராக இருந்தன.

முதலில் வந்த பெரிய கண்டுபிடிப்பு மரபணு பற்றியது. ஐஃபிட்எம்3 என்று ஒரு புரதம். வைரஸ் செல்லுக்குள் ஒரு சிறு பையில் அடைந்து நுழைகிறது. பையின் சவ்வைத் துளைத்து வெளியே வந்தால்தான் அதன் வேலை நடக்கும். அந்த வாசலில் காவல் நிற்பது இந்தப் புரதம். இன்டர்ஃபெரான் கட்டளையிட்டதும் அதிக எண்ணிக்கையில் வந்து நிற்கும். இதன் காவல்திறனை அமெரிக்காவில் 2009இல் செல் வளர்ப்பில் கண்டிருந்தார்கள். கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் நிறுவனத்தில் பால் கெல்லம் குழுவினர் இந்த மரபணு இல்லாத எலிகளுக்குச் சாதுவான இன்ஃபுளுவென்சாவைக் கொடுத்தார்கள். மற்ற எலிகள் தேறிவர, இவை கடும் நிமோனியாவில் விழுந்தன. மனிதரிலும் அப்படியா என்று பார்க்க, நோயாளிகளின் ரத்தம் வேண்டும். மொசைக் உள்ளிட்ட தொகுப்பிலிருந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 53 பேரின் மரபணுவைப் படித்தார்கள். அந்த மரபணுவில் அரிய ஒரு மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றிருந்தவர்கள் மூவர். ஐரோப்பியப் பொதுமக்களில் அது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் இருக்கும். 2012இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது.

53 பேரில் மூவர் சிறிய எண்தான். மறுத்துப் பேசலாம்; பேசினார்கள். அந்த மாற்றம் சீனர்களிடையே மிகப் பரவலானது என்பதால், அடுத்த ஆண்டே பெய்ஜிங்கிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து அங்கே பார்த்தார்கள். கடுமையாக நோயுற்றவர்களில் நூற்றுக்கு 69 பேரிடமும், லேசாக வந்தவர்களில் 25 பேரிடமும் அது இரட்டையாக இருந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சில ஆய்வுகளில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. அந்த ஓர் எழுத்து மாறினால் புரதம் எப்படிக் கெடுகிறது என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. மாணவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். ஒரு கேள்வி முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வியாக மாறியிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

இதே திசையில் 2015இல் பிரான்சிலிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டரை வயதில் இன்ஃபுளுவென்சாவால் உயிர்போகும் நிலைக்கு வந்து பிழைத்த ஒரு பெண் குழந்தை. ஐஆர்எஃப்7 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் அவளுக்குப் பழுதாக இருந்தன. ஒன்று தந்தையிடமிருந்து, ஒன்று தாயிடமிருந்து. பெற்றோர் இருவருக்கும் ஒரு நல்ல பிரதி இருந்ததால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த மரபணு செய்யும் வேலை, இன்டர்ஃபெரானைப் பெருக்குவது. மில் ஹில் கோழிக்கருச் சவ்வு மனிதக் குழந்தையிடம் வந்து சேர்ந்த இடம் இது. "எங்க குலத்துக்கு இந்தக் காய்ச்சல் ஆகாது" என்று கிராமத்தில் சொல்பவர்களை இளம் வயதில் நான் திருத்தியிருக்கிறேன். இப்போது சொல்லவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது 2018இல் வந்த கட்டுரை. ஜேக் டன்னிங்கும் மற்றவர்களும் எழுதியது. மருத்துவமனையில் இன்ஃபுளுவென்சாவோடு இருந்த 131 பெரியவர்களின் குழாய்களைத் திறந்து, ஆர்.என்.ஏ. செய்திகளைப் படித்தார்கள். வென்டிலேட்டர் தேவைப்படாதவர்களின் ரத்தத்தில் நான்காம் நாள்வரை இன்டர்ஃபெரானின் மொழியே ஓங்கிக் கேட்டது. வைரஸ் வந்திருக்கிறது, வைரஸோடு போரிடுகிறோம் என்ற செய்தி. வென்டிலேட்டர் வரை போனவர்களின் ரத்தம் வேறு மொழி பேசியது. நியூட்ரோபில்கள் திரண்டு எழுந்த மொழி. செல்கள் நசுங்கிச் சாகும் மொழி. பாக்டீரியா வந்தால் உடம்பு பேசும் மொழி. அவர்களில் சிலரிடம் நோயின் தொடக்க நாட்களிலேயே அது தெரிந்தது. பாக்டீரியா எதுவும் கண்டுபிடிக்கப்படாதவர்களிடமும் அதே மொழிதான். பாக்டீரியா இருந்தால் அது இன்னும் ஓங்கியது. முதலில் எழ வேண்டிய இன்டர்ஃபெரான் குரல் அடங்கியது.

இதைப் படித்த அன்று அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலைக்குப் போய்விட்டேன். அவருடைய வெள்ளையணு எண்ணிக்கை ஏறியிருந்தது. நாங்கள் பாக்டீரியா என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். கொடுத்தது தவறில்லை, இன்றும் கொடுப்பேன். ஆனால் எதிரி போன பிறகும் நிற்காத போர் ஒன்று உள்ளே நடந்திருக்கக்கூடும் என்பது அன்று என் எண்ணத்திலேயே இல்லை. அது எந்த நாளில் தொடங்கியது? புதன் மாலை முதல் நாள் என்றால் ஞாயிறு இரவு ஐந்தாம் நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் ஓசெல்டமிவிர் மருந்தின் காலம் கடந்துவிட்டது. அடுத்த கட்டத்துக்கு என்ன மருந்து என்பது அன்று யாருக்கும் தெரியாது.

நாள்தான் முக்கியம் என்பதை 2020 உறுதியாக்கியது. மொசைக் போன்ற ஆய்வுகள் பட்ட தாமதத்தைப் பார்த்தவர்கள், அடுத்த நோய் வரும்வரை காத்திருக்கவில்லை. ஐசாரிக் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2011 இறுதியில் பிறந்தது. எந்தப் புதிய நோய் வந்தாலும் எந்த நாளில் எந்தக் குழாயில் எவ்வளவு ரத்தம் எடுப்பது என்று ஒரு பொது நடைமுறையை எழுதினார்கள். பிரிட்டனில் 2013லேயே அதற்கு நெறிமுறை அனுமதி வாங்கி, உறையில் போட்டு வைத்துவிட்டார்கள். கோவிட் வந்ததும் 2020 ஜனவரியில் அந்த உறை திறக்கப்பட்டது. பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 19 வரை 208 மருத்துவமனைகளிலிருந்து 20,133 நோயாளிகளின் விவரம் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்தது. ஓப்பன்ஷா, கேலம் செம்பிள், கென்னத் பெய்லி என்று அதை நடத்திய பெயர்களில் இன்ஃபுளுவென்சாக் கால முகங்களே மீண்டும் தெரிந்தன.

பக்கத்திலேயே ரெகவரி என்ற மருந்துச் சோதனை, முதல் வரைவு எழுதிய ஒன்பதாம் நாளில் முதல் நோயாளியைச் சேர்த்தது. ஜூன் 16 அன்று அறிவித்தார்கள்: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம். எந்த ஊர் மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்து. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. ஒரே வைரஸ், ஒரே மருந்து. ஒரு கட்டத்தில் உயிர் காக்கிறது, முந்தைய கட்டத்தில் உதவுவதில்லை.

அப்படியானால் கடும் இன்ஃபுளுவென்சாவிலும் அதைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகளில், ஸ்டீராய்டு பெற்ற இன்ஃபுளுவென்சா நோயாளிகள் அதிகமாக இறந்திருக்கிறார்கள். மருந்து கெடுத்ததா, அல்லது கைமீறியவர்களுக்கே மருந்தைக் கொடுத்தார்களா என்று அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ரெகவரி அமைப்பு பின்னர் இன்ஃபுளுவென்சாவிலும் அதே மருந்தை அப்படிச் சோதனைக்கு எடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர்வரை பருவகால இன்ஃபுளுவென்சாவின் சுவாசச் சிக்கல்களால் இறக்கிறார்கள். அவர்களில் எவருக்கு, எத்தனையாம் நாளில் அந்த மருந்து என்பது இன்னும் தீராத கேள்வி.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களே, நாளைக் காலை நீங்கள் வார்டுக்குப் போவீர்கள். உங்களிடம் மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டி இருக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேஸ் ஷீட்டும் பேனாவும் இருக்கும். அந்தப் பெண் இறந்த அன்று காலை, நான் அவருடைய கேஸ் ஷீட்டை மூடும் முன் முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'காய்ச்சல், இருமல், ஒரு வாரம்' என்று எழுதியிருந்தது. அடியில் என் கையெழுத்து. புதன்கிழமை பொழுதுசாய, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஐஸாக இருந்த அந்த நேரம், மாமியார் கைவைத்துப் பார்த்துச் சொன்ன அந்த நேரம், தாளில் எங்கும் இல்லை.